சப்தமும் காரணமும்

கற்பிட்டித் தீபகற்பத்தில் வாழ்கிறவர்களுக்கு உலோகங்களின் ஆயுளைப் பற்றிய ஞானம் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. மேற்கே திறந்த கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் இருக்க, இரண்டிற்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலமாக வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் எங்கள் பிரதேசத்தில் காற்றும் உப்பு, மண்ணும் உப்பு, கோடை முற்றினால் கிணற்று நீரும் உப்பு. ஆகையால், பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையின் கல்மதில்கள் இன்றும் களப்போரத்தில் உறுதியாக நிற்கையில், அண்மையிற் பூட்டிய கதவுக் கீல் செம்மை படர்ந்து கிறீச்சிடத் தொடங்குவதைக் கண்டு இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று வலுத்துக் கடல் திவலைகளை வீட்டு முற்றம் வரை சுமந்து வரத் தொடங்கினால், புரட்டாசி வரை இரும்புக்கு இங்கே விமோசனம் கிடையாது.

இத்தகைய ஓர் இடத்தில், நீரோடும் சவர்க்காரத்தோடும் மின்சாரத்தோடும் ஒருங்கே உறவாடுகிற சலவை இயந்திரம் ஒன்றை நெடுங்காலம் வைத்துப் பரிபாலிப்பது சாமானியமான காரியம் அன்று. எங்கள் வீட்டு இயந்திரம் ஒரு சமயம் பேரிரைச்சல் இட்டதையும், அந்த இரைச்சலின் காரணத்தைத் தேடிக் கண்டதையும், பின்னர் அதைப் பிரித்துத் திருத்தியதையும் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில், அன்று நான் கற்றவை இக்கரையோரத்தில் வாழும் எந்தக் குடும்பத்திற்கும் என்றேனும் பிரயோஜனப்படும் என்பது என் திடமான நம்பிக்கை.

முதலில் எங்கள் நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாரியிலே பெய்யும் மழை மணலூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்பதுதான் எங்கள் கிணறுகளின் நன்னீர். நன்னீருக்கு அடர்த்தி குறைவு, கடல்நீருக்கு அடர்த்தி அதிகம் என்ற ஒரே காரணத்தால் அவை பெருமளவு கலவாதிருக்கின்றன. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்கள் கண்ட கணக்கு. அந்தக் கணக்கு தலைகீழாகவும் செல்லும்: வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் பம்பிகள் இடைவிடாது இறைத்து மேல்மட்டத்தைத் தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் அதைவிடப் பன்மடங்கு மேலேறி வந்துவிடும். ஆடி ஆவணியில் கிணற்று நீர் நாக்கிலே கரிப்பதும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னர் அது மறுபடி இனிப்பதும் இந்த நியதியால்தான். இதனோடு சுண்ணாம்பும் சேர்ந்துகொள்கிறது. புத்தளத்திற்கு வடக்கே அருவக்காட்டில் சீமெந்துத் தொழிற்சாலைக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணக்கல்லே இம்மாவட்டத்து நிலத்தின் சுபாவத்தைத் தெரிவிக்கும். கோடையில் எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியிற் படியும் வெண்மையான ஓடு நீரின் சுபாவத்தைத் தெரிவிக்கும்.

வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியத்தோடு கூடி வெண்கசடாகித் துணியிலேயே படிந்துவிடுகிறது. என் தாயார் துலாவால் நீர் இறைத்து, கல்லிலே துணியை அடித்து, அந்தக் கசடு போகும்வரை மறுபடி மறுபடி அலசுவதை நான் பார்த்து வளர்ந்தவன். மழைக்காலத்தில் பீலியிலிருந்து விழும் நீரை அண்டாவிலே பிடித்து, வெள்ளை உடுப்புகளுக்கென்று அவர் தனியாக மூடி வைப்பார். அந்த நீரில் மட்டும் சவர்க்காரம் பொங்கி நுரைப்பதைக் காண்பது எங்களுக்கு ஒரு கொண்டாட்டமாக இருக்கும். தாயாருக்குப் பின் அதே கல்லில் அதே உழைப்பை என் மனைவி ஏற்றுக்கொண்டார். பல வருஷங்கள் சென்று அவருடைய விரல் மூட்டுகளைச் சந்திவாதம் பற்றிக்கொண்டு, ஒரு சாரத்தை முறுக்கிப் பிழிவதுகூட அவருக்கு வேதனை தரும் நிலை வந்தபோது, நான் ஓய்வுபெற்றுக் கிடைத்த பணிக்கொடையில் முதலாவதாக வாங்கிய பொருள், முன்புறத்தில் வட்டக் கண்ணாடிக் கதவுடைய ஒரு சலவை இயந்திரம். ஆகவே அது எங்கள் வீட்டில் ஆடம்பரப் பொருளாக வந்ததன்று. ஒருவருடைய கைகளுக்கு ஓய்வு தர வந்தது. பின்னர் அதன் பொருட்டு நான் கொண்ட கவலையெல்லாம் அந்தக் கைகளைப் பற்றிய கவலையே.

2022 ஆம் ஆண்டின் மாசி மாதத்தில் அது சப்தமிடத் தொடங்கியது. அதை முதலில் உணர்ந்தவர் என் மனைவி. "இது பழைய சத்தமில்ல, உள்ளுக்க என்னவோ தேயுது" என்று அவர் சொன்னபோது எனக்கு வித்தியாசம் எதுவும் புலப்படவில்லை, ஆயினும், நாள்தோறும் அதனருகே நின்று வேலை செய்பவரின் செவிக்குத் தெரிவது மற்றவர்களுக்குத் தெரிய நாளெடுக்கும் என்பதால் அவர் சொல்லை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். பங்குனி பிறந்தபோது வீட்டில் அனைவருக்கும் அது கேட்டது. துணி மெதுவாகப் புரளும்போது அம்மியில் கொத்தமல்லி அரைபடுவது போன்ற கரகரப்பு. தண்ணீர் வடிந்து, டிரம் விரைவாகச் சுழன்று பிழியும் கட்டத்திலோ, அறையில் இருவர் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காத முழக்கம்.

அந்த ஆண்டு எத்தகையது என்பதை இலங்கையர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலரின் விலை மே மாதத்தில் 360 ரூபாயை அண்டியது. இறக்குமதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுப்படுத்தப்பட்டன. எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஜனங்கள் வெயிலில் வரிசை நின்றார்கள். மார்ச் மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை சென்றது. மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட் உற்பத்தி செய்யவல்ல நாட்டின் பெரிய அனல்மின் நிலையம் எங்கள் தீபகற்பத்திலேயே, நுரைச்சோலையிலே இருக்கிறது. இருந்தும், மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் தாழ்ந்து, ஏனைய நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி அற்றுப்போன அந்நாட்களில், அதன் புகைபோக்கி தெரியும் தூரத்திலுள்ள கிராமங்களும் நாட்டின் பிற கிராமங்களைப் போலவே இருளில் இருந்தன. புதிய இயந்திரம் வாங்குவதென்பது ஓய்வூதியம் பெறும் ஒருவன் நினைத்தும் பார்க்க இயலாத காரியம். நகரத்திலுள்ள திருத்துநர் ஒருவரைத் தொலைபேசியில் விசாரித்தபோது, தொட்டி முழுவதையும் மாற்றவேண்டும், அது இப்போது நாட்டில் இல்லை என்று இயந்திரத்தைப் பாராமலே பதில் சொன்னார். எனவே, காரணத்தை நானே தேடுவதென்று தீர்மானித்தேன்.

விஞ்ஞான ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடுமாயின், சோதிப்பதற்கு இலகுவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு செல்லவேண்டும் என்று மாணவர்களுக்கு நான் வருஷந்தோறும் கற்பித்திருக்கிறேன். சலவை இயந்திரத்தின் சப்தங்களும் அந்த முறைக்குக் கட்டுப்பட்டவையே. கிணுகிணுவென்று விட்டுவிட்டுக் கேட்டால், சட்டைப் பையிலிருந்து தவறிய நாணயமோ, கொக்கியோ, ஊசியோ தண்ணீர் வெளியேற்றும் பம்பியில் அல்லது டிரம்மிற்கும் வெளித் தொட்டிக்கும் இடையில் அகப்பட்டிருக்கிறது. பிழியும்போது மட்டும் தொம் தொம்மென்று இடித்து இயந்திரமே நகர்ந்தால், நான்கு கால்களும் சமமாக நிலத்தில் ஊன்றவில்லை, அல்லது துணி ஒருபக்கமாகத் திரண்டுவிட்டது, அல்லது தொட்டியைத் தாங்கும் ஷொக் அப்சோபர்கள் தளர்ந்துவிட்டன; புதிய இயந்திரமாயின், பிரயாணத்தில் டிரம் ஆடாதிருக்கப் பின்புறம் முறுக்கப்பட்ட போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருக்கக்கூடும். கீச்சென்று தொடங்கி அடங்கினால் பெல்ட் தேய்ந்திருக்கிறது. இடைவிடாத ஒரே முழக்கமாய், வேகம் கூடக் கூடத் தானும் கூடுமாயின், டிரம்மின் அச்சைத் தாங்கும் பெயாரிங்கைச் சந்தேகிக்கவேண்டும்.

கால்களின் சமநிலையை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், குறை இல்லை. பம்பியின் வடிகட்டியைத் திருகித் திறந்தேன்; நூல்பிசிறும் ஒரு சட்டைப் பித்தானும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அடுத்து வேண்டியது நிசப்தம். மின்வெட்டு அதற்கு அநுகூலமாக அமைந்தது. அயல் வீடுகளில் தொலைக்காட்சி இல்லை, மின்விசிறி இல்லை, தோட்டங்களில் பம்பி இல்லை. கரண்ட் திரும்பி வந்தாலும் தீங்கு நேராதபடி பிளக்கைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்துவிட்டு, லாம்பு வெளிச்சத்தில் இயந்திரத்தின் முதுகுத் தகட்டைத் திறந்தேன். மனைவி முன்புறத்திலிருந்து டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்ற, நான் பின்புறத்தில் அமர்ந்து, சமையலறை அகப்பையின் காம்பு நுனியைத் தொட்டியின் முதுகிலே அச்சுக்குச் சமீபமாக ஊன்றி, அதன் சிரட்டையைக் காதோடு பொருத்திக்கொண்டு செவிமடுத்தேன். 1816 இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் லென்னெக் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்ட அதே உபாயந்தான் இது. திடப்பொருளூடே சப்தம் சிதறாமல் செல்லும். தொட்டியின் விளிம்பில் காம்பை ஊன்றியபோது மங்கலாகக் கேட்ட கரகரப்பு, அச்சை நெருங்க நெருங்கத் தெளிவடைந்து, நடுவிலே மணல் நொறுங்குவதாகவே பிரத்தியக்ஷமாயிற்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டரை மட்டும் விரலால் சுழற்றினேன்; அது சப்தமின்றிச் சுழன்றது. டிரம்மைத் தனியே சுழற்றினேன், கரகரப்பு குறையவில்லை. கடைசியாக, கதவு வழியே கையை விட்டு உள் டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து உயர்த்திப் பார்த்தேன். தொட்டியும் டிரம்மும் சேர்ந்து அசைந்தால் குற்றமில்லை. எங்கள் இயந்திரத்திலோ தொட்டி அசையாதிருக்க, டிரம் மட்டும் ஒரு நெல்மணியின் பருமனுக்கு மேலெழுந்து தாழ்ந்தது. லாம்பை அருகே கொண்டுசென்று பார்க்கையில், அச்சிலிருந்து கீழ்நோக்கித் தொட்டியின் முதுகில் ஒரு செம்பழுப்புக் கோடு வழிந்து காய்ந்திருந்தது. துருவும் கிறீஸும் நீரும் கலந்த அந்தக் கோட்டுக்குப் பிறகு ஐயத்திற்கு இடமில்லை.

காரணம் விளங்கிவிட்டது; ஆனால் நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட பொருளை ஒற்றை ஆளாகப் பிரிக்க என் வயது இடந்தராது. எங்கள் கரையில் மீன்பிடி வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தும் தம்பி ஒருவரை அழைத்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை அவர்களுடைய சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்திறங்கிய குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை அவர். வீடும் தோட்டமும் தொழிற்கருவிகளும் பின்னே கிடக்க வந்த தந்தை, பிறர் ஒதுக்கிய இயந்திரங்களைத் திருத்தியே ஜீவனம் நடத்தி மகனுக்கும் அந்த வித்தையைக் கற்பித்தார். சலவை இயந்திரம் தம் தொழிலன்று என்று அவர் தயங்கவில்லை. டிரம்மை ஒருமுறை சுழற்றிவிட்டு, "சேர், வள்ளத்து மெஷினுக்கு வாற அதே வருத்தம்தான் இது. சீல் போனா தண்ணி உள்ள போகும். தண்ணி போனா பெயாரிங் நிக்காது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா தொட்டியே உடைஞ்சிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் தாற்பரியத்தை வாசகர்கள் உணரவேண்டுமாயின், அந்த அச்சு சுமக்கும் பாரத்தைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும். 48 சென்ரிமீற்றர் விட்டமுள்ள டிரம் நிமிஷத்திற்கு 1,000 முறை சுழலும்போது, அதன் சுவரிலே ஒட்டிக்கிடக்கும் துணியின்மீது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு விசை செயற்படுகிறது. துணியிலிருந்து நீர் பிரிந்து ஓடுவது அதனால்தான். அரைக் கிலோ நிறையுள்ள ஈரத் துவாய் ஒன்று ஒருபக்கமாகத் திரண்டுகொண்டால், 130 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அச்சை ஒரு திசையில் இழுக்கிறது. அந்தத் திசையும் செக்கனுக்குப் பதினாறு பதினேழு முறை சுற்றிச் சுழல்கிறது. முன்புறக் கதவுடைய இயந்திரத்தில் டிரம்முக்கு முன்னே தாங்கல் எதுவுமில்லை. பின்புறத்தில் ஒரே அச்சில் பூட்டப்பட்ட இரண்டு பெயாரிங்குகளே அவ்வளவையும் ஏற்கின்றன. 1794 இல் வேல்ஸ் தேசத்து பிலிப் வோன் வண்டி அச்சுக்கென்று உரிமைப்பத்திரம் பெற்ற குண்டுத் தாங்கியின் வழிவந்தவை அவை. அவற்றுக்கும் தொட்டியின் நீருக்கும் இடையிலே நிற்பது விரலளவு அகலங்கூட இல்லாத ஒரு றப்பர் வளையம். அதைத்தான் ஒயில் சீல் என்கிறோம். இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் அந்த வளையத்தின் மெல்லிய உதட்டிலேயே தங்கியிருக்கிறது.

வெயில் தாழ்ந்த பிற்பகலொன்றில் முற்றத்து வேப்பமர நிழலில் பிரிக்கத் தொடங்கினோம். மேல்மூடி, சலவைத்தூள் இடும் தட்டு, முன்முகம், கதவைச் சூழ்ந்த றப்பர் ஆகியவை வரிசையாகக் கழன்றன. ஒவ்வொரு வயர் இணைப்பையும் அவிழ்க்குமுன் அதன் நிறத்தையும் இடத்தையும் நான் ஒரு கொப்பியில் வரைந்துகொண்டேன். தொட்டியோடு பூட்டியிருந்த கொங்கிறீற்றுக் கட்டியை இருவருமாக இறக்கி வைத்தோம். இலேசான தொட்டி சுழற்சியில் தூக்கியெறியப்படாதிருக்க அந்தப் பாரம் வேண்டியதாயிருக்கிறது. எங்கள் பாக்கியவசமாக, தொட்டியின் முன்பாதியும் பின்பாதியும் சுற்றிலும் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் தளர்த்திப் பாதிகளைப் பிரித்து, அச்சின் நுனியிலே மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நிதானமாகத் தட்ட, டிரம் விடுபட்டு வந்தது.

டிரம்மின் முதுகைத் தாங்கும் மூன்று கைகளுடைய அலுமினியச் சட்டத்தைக் கண்டபோது எங்கள் ஊரின் உப்பு அங்கே செய்திருந்த வேலை புலனாயிற்று. கைகள் அச்சோடு கூடும் மூலைகளில் சாம்பல் கலந்த வெண்மையான ஒரு பொருள் தடித்துப் படிந்திருந்தது. கத்தி நுனியால் சுரண்ட, மாவாக உதிர்ந்து, அடியிலே சிறு குழிகள் தெரிந்தன. துருப்பிடியா உருக்கினாலான டிரம்மும் அலுமினியச் சட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உவர்நீரில் நனையும்போது அங்கே ஒரு மின்கலம் உருவாகிறது. அந்தக் கலத்தில் கரைவது அலுமினியமே. சலவைத் தூளின் காரமும் அதனோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கிறது. குழிகளின் ஆழத்தைக் கம்பியால் அளந்து பார்த்து, சட்டத்தில் இன்னும் பலம் இருக்கிறது என்று தம்பி உறுதி சொன்ன பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது. சீலின் உதடு இறுகிப் பிளந்திருந்தது. நீருக்கு அண்மையிலிருந்த பெயாரிங்கின் குண்டுகள் பளபளப்பிழந்து பழுப்பேறி, அவற்றை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூடு உடைந்துபோயிருந்தது. பின்னாலிருந்ததில் கிறீஸ் காய்ந்ததைத் தவிரப் பெரிய சேதமில்லை. மண்ணெண்ணெய் அரிதாயிருந்த அந்நாளில் கைவசமிருந்த சிறிதளவை ஊற்றி ஊறவைத்து, பித்தளைத் துண்டொன்றை வளையத்தின் விளிம்பிலே மாற்றி மாற்றி ஊன்றித் தட்டி இரண்டையும் வெளியேற்றினோம்.

பெயாரிங்கைத் துடைத்தபோது அதன் முகத்தில் 6206 என்றும், மற்றதில் 6205 என்றும் இலக்கங்கள் தெரிந்தன. இவ்வரிசையில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீற்றரில் கிடைக்கும். முதலாவதற்கு 30, இரண்டாவதற்கு 25. எந்தத் தேசத்தில், எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டாலும் 6206 என்பது 62 மில்லிமீற்றர் வெளிவிட்டமும் 16 மில்லிமீற்றர் அகலமும் கொண்டதாகவே இருக்கும் என்ற அந்த உலகப் பொதுநியதியை நான் அன்று மனதாரப் போற்றினேன். நீர்ப்பம்பிகளுக்கும் மோட்டர்களுக்கும் இதே வரிசைப் பெயாரிங்குகளைப் பாவிப்பதால், பம்பிகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் அவை புத்தளம் நகரிலேயே கிடைத்தன. இருபுறமும் றப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்கவேண்டும் என்றும், பெட்டியை மட்டும் நம்பாமல் காதருகே சுழற்றிப் பார்க்கவேண்டும் என்றும் தம்பி சொல்லியிருந்தார். சீலைத் தேடுவதே பெரும் பிரயாசையாயிற்று. அது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடும். எல்லோருக்கும் பொதுவான இலக்கம் அதற்கு இல்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் அளந்து, பழைய சீலின் படத்தோடு கொழும்பிலுள்ள உறவினருக்கு அனுப்பினோம். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் அவர் கடைகடையாக விசாரித்து ஒன்றைத் தேடிப்பிடித்து, கற்பிட்டி பஸ்ஸின் நடத்துநர் கையிலே ஒப்படைத்தார்.

மீளப் பூட்டும் வேலையில் தம்பியின் சிரத்தையை நான் அருகிருந்து கண்டேன். பெயாரிங் அமரும் குழியைத் துணியால் துருவின் சுவடே இல்லாதபடி துடைத்தார். புதிய பெயாரிங்கை நடுவளையத்தில் ஒருபோதும் தட்டாமல், பழையதன் வெளிவளையத்தை அதன்மீது வைத்துத் தட்டி இறக்கினார். உள்வளையத்தில் விழும் அடி குண்டுகளின் வழியே சென்று ஓடுபாதையைப் பள்ளமாக்கிவிடும் என்று விளக்கமும் சொன்னார். சீலின் உதடு தழுவும் அச்சுப்பகுதியில் விரல்நகத்தை ஓட்டி, பள்ளம் இருக்கிறதா என்று சோதித்து, மெல்லிய எமரித் தாளால் மினுக்கினார். அங்கே கீறல் இருந்தால் புதிய சீலும் சில வாரங்களில் கசிந்துவிடும். வள்ளங்களுக்கு அவர் வைத்திருந்த, நீரில் கரையாத கிறீஸை உதட்டின் உட்புறத்தில் நிறையப் பூசினார். நான் கொப்பியைப் பார்த்து நிறங்களைச் சொல்லச் சொல்ல, வயர்கள் தத்தம் இடத்தை அடைந்தன. கரண்ட் வந்த முன்னிரவில் வெறும் டிரம்மை முதலில் ஓடவிட்டு, தொட்டியின் அடியில் கசிவு இல்லை என்று கண்ட பின்னர் துணிகளை இட்டோம். பிழியும் கட்டத்தில் மோட்டரின் சீரான ரீங்காரமும் நீர் வடியும் ஓசையும் மாத்திரமே கேட்டன. என் மனைவி இயந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து நெடுநேரம் நின்றுவிட்டு, "இதுதான் பழைய சத்தம்" என்றார். செலவான தொகை, புதிய இயந்திரம் ஒன்றின் விலையில் மிகச் சிறு பகுதியே.

அன்றுமுதல் சில பழக்கங்களை நாங்கள் நியமமாகக் கொண்டிருக்கிறோம். கடற்காற்று நேரே படாத உள்ளறையில் இயந்திரம் நிற்கிறது. சலவைத் தூளை அளந்தே இடுகிறோம். கிணறு கரிக்கும் மாதங்களில், சேமித்த மழைநீரைக் கொண்டு கடைசி அலசலைச் செய்கிறோம். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, றப்பர் மடிப்பிலே தேங்கும் நீரைத் துடைத்துவிடுகிறோம். இவற்றுள் எதற்கும் பொருட்செலவு இல்லை. அரிப்புக்கு வேண்டிய ஈரத்தையும் உப்பையும் இயன்ற அளவு குறைப்பதே இவற்றின் நோக்கம்.

எங்கள் முயற்சி பலித்ததற்கு ஆதாரமான காரணம் ஒன்றுண்டு: அந்தத் தொட்டி போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருந்தது. இக்காலத்தில் விற்பனையாகும் பல இயந்திரங்களில் தொட்டியின் இரு பாதிகளையும் பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அவற்றிலே சிறிய சீல் ஒன்று பழுதானாலும், வாளால் அறுத்தாலன்றி உள்ளே செல்ல வழியில்லை. தொட்டியை முழுவதாக மாற்றவேண்டும், அல்லது இயந்திரத்தையே எறிந்துவிடவேண்டும். செய்து விற்பவருக்கு அது சௌகரியம். வாங்குபவருக்கும் நாட்டின் செலாவணிக்கும் அது நஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, சலவை இயந்திர வகையொன்றின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்த பின்னரும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதன் முக்கியமான உதிரிப்பாகங்கள் திருத்துநர்களுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும். டிரம்மும் அதைத் தாங்கும் சட்டமும் பெயாரிங்குகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. செல்வம் மிகுந்த தேசங்கள் தமக்குத் தேவையென்று கண்ட இந்தப் பாதுகாப்பு, ஒரு டொலருக்காகத் தவித்த அனுபவமுள்ள எங்கள் நாட்டுக்கு அதைவிட அதிகமாகவே தேவை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இவ்விஷயத்தைத் தன் கவனத்திற் கொள்ளவேண்டும் என்பது என் விநயமான வேண்டுகோள். சீலும் பெயாரிங்கும் நாட்டுக்குள் கிடைக்கச் செய்ய இயலாத இயந்திரத்தை இங்கே விற்க அனுமதித்தல் தகாது.

வாசகர்களுக்கு, முக்கியமாக இந்தக் கரையோரத்தில் வாழும் குடும்பங்களுக்கு, நான் சொல்ல விரும்புவது இரண்டு. புதிய இயந்திரம் வாங்கச் செல்லும்போது, அதன் வேகத்தையும் நிறத்தையும் விசாரிப்பதற்கு முன்னர், தொட்டி போல்ட்டில் பிரியுமா என்று கேளுங்கள். பதில் சொல்ல இயலாத கடையில் வாங்காதீர்கள். வீட்டிலுள்ள இயந்திரம் புதிய சப்தம் ஒன்றை எழுப்புமாயின், அதோடு பழகிவிடாதீர்கள். அன்றைக்கே பிளக்கைக் கழற்றி, டிரம்மைக் கையால் சுழற்றி, காதைக் கொடுத்துக் கேளுங்கள்.